அண்ணன் எழுத்து, தம்பி கோடு

உப்பிலியபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். அம்மலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் இராசிபுரம். நெய்க்குப் பெயர் பெற்ற ஊர் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதனை அறிவார்கள். மாணவர்களாகிய நீங்களும் அந்த ஊரை, அறியாமலே, வேறொரு வகையில் அறிந்திருக்கிறீர்கள். ஆங்கிலப் பாடநூல்களில் ஆர்.கே. நாராயண் என்னும் பெயரைப் படித்திருப்பீர்கள். ஆர்.கே. லக்ஷ்மண் என்று கையெழுத்திட்ட கேலிச்சித்திரங்களையும் எங்கேனும் கண்டிருப்பீர்கள். அவ்விரு பெயர்களின் தலைப்பிலும் நிற்கின்ற 'ஆர்' என்னும் எழுத்து இராசிபுரத்தைக் குறிப்பது. 'கே' என்பது தந்தையார் கிருஷ்ணசாமி ஐயர். மூத்தவர் 1906-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். இளையவர் 1921-ஆம் ஆண்டில் மைசூரில் பிறந்தார். ஊரின் பெயர் மட்டும் ஓர் எழுத்தாகச் சுருங்கி அவர்களோடு உலகமெல்லாம் சுற்றி வந்தது.

அண்ணன் கதை எழுதினார். தம்பி அக்கதைகளுக்குப் படம் வரைந்தார். உடன்பிறந்தார் இருவர் கூடிச் செய்யும் கலைத்தொழிலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். கதையும் படமும் ஒன்றாகக் கலந்த 'காமிக்ஸ்' என்னும் சித்திரக்கதையைப் பற்றியும் சொல்லப் போகிறேன். படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, இருட்டறையில் கண்ணாடியை விலைபேசுவது போன்றதுதான். ஆனாலும், படம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்ட வாய்ச்சொல் போதும் என்று நம்புகிறேன்.

திருவரங்கத்து வழக்கில் இலக்குவனை 'இளைய பெருமாள்' என்று சொல்வார்கள். அண்ணன் போன வழியே போனவன், அண்ணன் உறங்க விழித்திருந்தவன் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. மைசூர் வீட்டு இளைய பெருமாள் அப்படிப்பட்டவர் அல்லர். அண்ணனோடு ஐம்பதாண்டுகளுக்கு மேல் கூடிப் பணிசெய்தும், தமக்கென்று தனியரசு ஒன்றைக் கண்டவர் அவர். இருவரும் ஒருவர் நிழலில் ஒருவர் மறையாமல் வாழ்ந்தது எப்படி என்பதே எனக்கு வியப்பூட்டுவது.

தந்தையார் மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் புலிகளாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறினார். ஓராண்டு வீட்டிலிருந்து, கண்ட நூல்களையெல்லாம் படித்தார்; எழுதியும் பழகினார். மறுமுறை தேறிக் கல்லூரியில் சேர்ந்தும், பட்டம் பெற மற்றவர்களைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. பிறகு ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. உடற்பயிற்சி ஆசிரியர் வராத நாளில் அவருடைய வகுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் பணித்தார். அதற்கு இசையாமல் வேலையையே விட்டுவிட்டு வந்துவிட்டார். நானும் தலைமையாசிரியனாக இருந்தவன். அத்தகைய ஆசிரியர் ஒருவர் என் பள்ளியில் இருந்திருந்தால் அந்த வார அட்டவணையை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அந்த வேலையை அவர் விடாமலிருந்தால் மால்குடி என்னும் ஊர் தென்னிந்தியாவில் எழும்பியிருக்குமோ என்னவோ!

வீட்டிலே எட்டுக் குழந்தைகள். லக்ஷ்மண் எல்லாருக்கும் இளையவர். நாராயணுக்கும் அவருக்கும் இடையே பதினைந்து ஆண்டு இடைவெளி. தந்தையாருக்குப் பல ஆங்கில இதழ்கள் வரும். அவற்றில் 'பஞ்ச்', 'ஸ்டிராண்ட்' முதலியவை படங்கள் நிறைந்தவை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே சிறுவன் லக்ஷ்மண் அப்படங்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பானாம். பிறகு வீட்டின் தரையிலும் சுவரிலும் கதவிலும் வரையத் தொடங்கினான். பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் ஏதேனும் ஓர் இலையை வரையச் சொன்னார். லக்ஷ்மண் அரசிலை ஒன்றை வரைந்தான். அதைப் பார்த்த ஆசிரியர், நீ ஒருநாள் ஓவியன் ஆவாய் என்று பாராட்டினாராம். அந்த ஒரு சொல்லைப் பிற்காலத்தில், உலகப்புகழ் பெற்ற பின்னும், லக்ஷ்மண் மறவாமல் குறிப்பிட்டு வந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ என்பவருடைய படங்களிடத்தும் அவருக்குத் தனி ஈடுபாடு. ஆங்கிலத்தில் 'லோ' என்று கிறுக்கியிருந்த கையெழுத்தைப் பசுவைக் குறிக்கும் 'கௌ' என்றே நெடுநாள் படித்துவந்தாராம்! பெயர் தெரியாவிட்டால் என்ன, கோடு தெரிந்திருக்கிறது.

பம்பாயிலுள்ள ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு அவர் விண்ணப்பித்தபோது, சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு உம்முடைய படங்களில் திறமை இல்லை என்று மறுமொழி வந்தது. ஆகவே மைசூரிலேயே பட்டப்படிப்புப் படித்தார். அந்த நாட்களில்தான் அண்ணனுடைய சிறுகதைகள் 'இந்து' நாளிதழில் வெளிவந்துகொண்டிருந்தன. அக்கதைகளுக்குப் படம் வரையும் வேலை கல்லூரி மாணவனாகிய தம்பியிடம் வந்தது. கலைப்பள்ளி கதவைச் சாத்திய காலத்தில் அவர் கோடுகளை நாடறியச் செய்தவை அண்ணனின் கதைகளே. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அண்ணன் தம்பிக்குக் கொடுத்தது அறிவுரை அன்று, வேலை. முடித்துக் கொடுக்கவேண்டிய நாள் குறித்த, அச்சில் ஏறுகின்ற, பல்லாயிரம் கண்கள் பார்க்கின்ற உண்மையான வேலை. வளர்கின்ற கலைஞனுக்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

தம்பி படம் வரைந்தார் என்று சொன்னேன். அதற்கு முன்பே அவர் கதைக்குள் புகுந்துவிட்டிருந்தார். சிறுவயதில் லக்ஷ்மண் தெருப்பிள்ளைகளைச் சேர்த்துக் கிரிக்கெட் குழு அமைத்து அதற்குத் தலைவராக விளங்கினார். அவருடைய குறும்புகளும் அந்தக் குழுவின் ஆரவாரமும் நாராயணின் சில கதைகளுக்குக் கருவாயின. பணம் சம்பாதிக்கக் கிளம்பும் தோடு என்னும் சிறுவனின் கதை அவற்றில் ஒன்று. வீட்டில் ஓடி விளையாடிய பிள்ளை கதையில் ஏறினான்; பிறகு வளர்ந்து, கதைகளுக்குப் படம் போட்டான். உடன்பிறந்தாரின் கூட்டுப்பணிக்கு மற்றவர்களிடம் காணாத வலிமை ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒரே திண்ணை, ஒரே பாட்டி, ஒரே தெருநாய், ஒரே கணக்கு வாத்தியார். அண்ணன் 'பள்ளிக்கூடம்' என்று ஒரு சொல் எழுதினால், தம்பியின் மனத்தில் எழும் கட்டடம் அதே கட்டடம். புதிய ஓவியர் ஒருவருக்குப் பத்துப் பக்கம் விளக்கி எழுதவேண்டியதை அவர்கள் ஒரு சொல்லில் முடித்துக்கொள்ளலாம்.

கதைக்குப் படம் வரைவதென்றால் கதையில் உள்ளதையெல்லாம் வரைவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. ஒரு கதைக்கு ஒரு படமோ இரண்டு படமோதான் இடம். எந்தக் கணத்தை வரைவது? முடிவை வரைந்தால் கதை கெட்டது. தொடக்கத்தை வரைந்தால் சுவை இல்லை. ஏதோ நடக்கப்போகிறது என்று படிப்பவர் நெஞ்சு படபடக்கும் அந்த ஒரு கணத்தைப் பொறுக்கியெடுக்க வேண்டும். எழுதியவர் சொல்லாமல் விட்டதை வரைபவரும் விட்டுவிடத் தெரிந்திருக்க வேண்டும். மால்குடிப் படங்களைப் பாருங்கள்: ஒரு விளக்குக் கம்பம், ஒரு குடை, சாய்ந்து நிற்கும் ஒரு மனிதர். நாலைந்து கோடுகளில் முடிந்துவிடும். தெரு முழுவதும் நம் மனத்தில் விரியும். 1964-இல் வெளிவந்த புராணக் கதைத் தொகுப்பிற்கும், 1977-இல் வெளிவந்த கர்நாடகப் பயண நூலுக்கும், 1978-இல் வெளிவந்த மகாபாரதச் சுருக்கத்திற்கும் லக்ஷ்மணின் கோடுகளே அணிசெய்தன. 1980-களில் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரிலும் அவருடைய படங்களே முகப்பில் வந்தன. அத்தொடருக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனும் உடன்பிறந்தார் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம்; எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்னும் வயலின் மேதைகள் அவருடைய தம்பியர்.

இவ்வளவு நெருக்கமாகப் பணிசெய்தவர்கள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து தொழில் நடத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாராயண் மைசூரில் இருந்தார். உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்துப் பதிப்பகங்களோடு தொடர்பு அறுந்தபோது, 'இந்தியன் தாட்' என்ற பெயரில் தாமே பதிப்பகம் ஒன்று தொடங்கினார். அதற்குமுன் அதே பெயரில் ஓர் இதழும் நடத்திப் பார்த்தார். அது ஓராண்டுக்குள் நின்றுபோயிற்று. லக்ஷ்மண் பம்பாய்க்குச் சென்று, முதலில் 'ஃபிரீ பிரஸ் ஜர்னல்' ஏட்டிலும் பிறகு 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' ஏட்டிலும் பணியாற்றினார். 1951-இல் அங்கே அவர் தொடங்கிய ஒற்றைக்கட்டச் சித்திரம் பல்லாண்டு நாள்தோறும் வந்தது. அதில் தோன்றும் 'சாமானிய மனிதர்' வேட்டி கட்டியவர். கட்டம்போட்ட சட்டை அணிந்தவர். வழுக்கைத் தலையில் காதோரம் சில முடிகள். அமைச்சர் பேசுவார், அதிகாரி பேசுவார், வழிப்போக்கன் பேசுவான். இவர் மட்டும் வாய் திறப்பதில்லை. விழித்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். எனக்கு இது பெரிய வியப்பு. சொல்லையே தொழிலாகக் கொண்ட அண்ணனோடு வளர்ந்த தம்பி, தம் வாழ்நாளின் பெரும்படைப்பாக ஊமை மனிதர் ஒருவரைப் படைத்தார்! பேச்சு அண்ணனுடைய நாடு. பார்வை தம்பியுடைய நாடு. தம்பி பிற்காலத்தில் நாவலும் தன்வரலாறும் எழுதினார் என்பது உண்மை. ஆனால் அவர் பெயர் நிற்பது அந்த ஊமை மனிதரால்தான். 1988-இல் அம்மனிதருக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள்.

அண்ணன் 1960-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தம்பி 1984-இல் மகசேசே விருது பெற்றார். நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டபோது முதற்பேச்சில் என்ன பேசினார் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையின் எடையைப் பற்றிப் பேசினார். தேர்வில் தவறிய தலைமையாசிரியர் மகனுக்கு அதைப் பேச எல்லா உரிமையும் உண்டு. 2001-இல் அண்ணனும் 2015-இல் தம்பியும் மறைந்தனர்.

மைசூர்ச் சகோதரர்கள் செய்தது கதைக்குப் படம். அதிலிருந்து சித்திரக்கதை வேறுபட்டது. கதைக்குப் படம் என்றால், படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். சித்திரக்கதையில் படத்தை எடுத்தால் கதையே இல்லை. பக்கம் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். முதற்கட்டத்தில் ஒரு பையன் மாங்காயைக் குறிவைத்துக் கல்லை ஓங்குகிறான். இரண்டாவது கட்டத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி உடைந்த பானையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கல் பறந்ததையோ பானை உடைந்ததையோ யாரும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் அதை நாமே பார்த்துவிடுகிறோம். சித்திரக்கதையின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எதைக் கட்டத்துக்குள் வைப்பது, எதை இடைவெளிக்கு விடுவது என்பதை எழுதுபவரும் வரைபவரும் கூடியே முடிவு செய்யவேண்டும். எழுத்தாளர் கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பார். ஓவியர் முதலில் பென்சிலால் வரைவார்; பிறகு மையிடுவர்; பேச்சுக் குமிழிகளில் எழுத்து எழுதுவர்; வண்ணம் சேர்ப்பர். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. குடும்பத்தில் என்றால் அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடுவே எல்லாம் நடந்துவிடும்.

இனி, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஐம்பதாண்டுகளாக அறிந்த ஒரு சித்திரக்கதைக்கு வருகிறேன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து செல்லும் அந்த வீரனை அறியாதவர் அன்று யார்! உப்பிலியபுரத்திலும் துறையூரிலும் அந்த இதழ்கள் கைமாறிக் கைமாறி, அட்டை போய், முதல் நான்கு பக்கமும் போய், நடுக்கதை மட்டும் எஞ்சிய நிலையிலும் படிக்கப்பட்டன. வகுப்பில் வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளிந்திருந்த மாயாவிகளைக் கைப்பற்றுவது என் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. கைப்பற்றியவற்றை நானும் படித்தேன் என்பதை இப்போது சொல்வதில் தடையில்லை.

அந்தக் கதை இங்கிலாந்தில் 1962-இல் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் தொடங்கியது. வரைந்தவர் ஆங்கிலேயர் அல்லர். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரத்தவராகிய ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-இல் பிறந்து 1995-இல் மறைந்தவர். அவர் வீட்டிலே அவர் ஒருவர் மட்டும் ஓவியர் அல்லர். அலெக்ஹாந்திரோ, அதிரியானோ, அவுகுஸ்தோ என்னும் சகோதரர்களும், பிலி என்னும் சகோதரியும் சித்திரக்கதை ஓவியர்களே! வாரந்தவறாமல் பக்கங்களை முடித்து வேறு நாட்டுக்கு அனுப்பவேண்டிய அந்த வேலையில், சகோதரர்கள் ஹெசூஸுக்குத் துணைநின்றார்கள். ஒருவர் கோடு எங்கே முடிகிறது, மற்றவர் கோடு எங்கே தொடங்குகிறது என்று படிப்பவரால் பிரித்தறிய முடியாது. ஒரே வீட்டில் ஒரே மேசையைச் சுற்றிப் பழகிய கைகளுக்கு அது இயல்பு. ஆக, நம் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தது, தொலைநாட்டு உடன்பிறந்தார் கூடி உழைத்த உழைப்பு.

நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களில் பெரும்பாலும் ஓவியர் பெயரோ எழுத்தாளர் பெயரோ அச்சிடுவதில்லை. பெயரே இல்லாமல் இலண்டனில் அச்சான படம், தமிழ் பேசிக்கொண்டு சிவகாசி வழியாக நம்மூர் வந்தது. தமிழாக்கியவரின் பாட்டையும் சிறிது எண்ணிப் பாருங்கள். குமிழியின் அளவு ஆங்கிலச் சொற்களுக்காக முன்பே வரையப்பட்டது. நம் தமிழ்ச் சொற்களோ நீளமானவை. மூன்று எழுத்தில் ஆங்கிலேயன் ஓடச் சொன்ன இடத்தில், தமிழன் 'ஓடிப்போய்விடுங்கள்' என்றால் குமிழி வெடித்துவிடும். பொருளும் குறையாமல் இடமும் மீறாமல் எழுதுவது வெண்பா எழுதுவதற்குக் குறைந்த கலை அன்று.

மைசூர்க் குடும்பத்தையும் பார்சலோனாக் குடும்பத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் ஒற்றுமை உண்டு, உழைப்பு உண்டு, திறமை உண்டு. மைசூரார் படைப்பில் எது யாருடையது என்பது எவருக்கும் தெரியும். மற்றதில், ஹெசூஸின் பெயரை ஆர்வலர்கள் பிற்காலத்தில் தேடிக் கண்டார்கள். உடனிருந்து வரைந்தவர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு வெளிச்சம் பெறவில்லை. கலை குறைந்துவிடவில்லை. ஆனால் பல ஆண்டுகள் கையொடிய உழைத்தவரின் பெயர் அவருடைய படைப்பின் எந்த மூலையிலும் இல்லை என்பது சிறிய செய்தி அன்று. உடன்பிறந்தாருக்குள் என்ன கணக்கு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அண்ணன் தம்பி சொத்து வழக்குகள் துறையூர் நீதிமன்றத்துக்கு எப்படி வந்து சேர்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 'நமக்குள் என்ன எழுத்து வேண்டியிருக்கிறது' என்ற சொல்லில்தான் தொடங்கியிருக்கும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஆக்ஸ்நார்டு என்னும் ஊரில் மெக்சிகோ மரபில் வந்த ஹெர்னாண்டஸ் சகோதரர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். மாரியோ, கில்பர்ட், ஹைமே என்று மூவர். அவர்கள் தாயாரே சிறுவயதில் சித்திரக்கதைகளை விரும்பிப் படித்தவர். ஆகவே வீட்டில் அதற்குத் தடையில்லை. தாயார் ஒருவர் படித்தால் என்ன விளையும் பாருங்கள்! 1981-இல் மூவரும் தங்கள் கைப்பணத்தில் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' என்ற இதழை அச்சிட்டார்கள். மறுஆண்டு ஒரு பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரே அட்டைக்குள் ஒவ்வொருவருக்கும் தனிக்கதை. கில்பர்ட், பாலோமார் என்ற கற்பனைச் சிற்றூரைப் படைத்தார். நம் மால்குடியைப் போல. ஹைமே, தாம் வளர்ந்த ஊரின் சாயலில் வேறொரு கற்பனை ஊரை அமைத்து, அதில் இரண்டு தோழியரின் வாழ்க்கையை எழுதி வரைந்தார். அந்தத் தோழியர் ஆண்டுகள் செல்லச் செல்ல முதுமையும் அடைகிறார்கள். சித்திரக்கதை உலகில் இது அரிது. ஒருவர் கதையில் மற்றவர் கைவைப்பதில்லை. அட்டை பொது, பெயர் தனி. நாற்பதாண்டு கடந்தும் அந்த இதழ் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

பிரேசில் நாட்டில் 1976-இல் பிறந்த இரட்டையர், ஃபாபியோ மூன், கேப்ரியல் பா என்பவர்கள். இவர்கள் முற்றிலும் வேறு வகை. இருவரும் எழுதுவார்கள், இருவரும் வரைவார்கள். 2010-இல் வெளிவந்த 'டேட்ரிப்பர்' என்ற கதையை இருவரும் கூடியே படைத்தார்கள். 2015-இல் தங்கள் நாட்டு நாவலாசிரியர் மில்டன் ஹட்டூமின் 'இரு சகோதரர்கள்' என்ற நாவலைச் சித்திரக்கதையாக்கினார்கள். அது ஒருவரையொருவர் வெறுக்கும் இரட்டையரின் கதை! பிணக்கை வரைவதற்கு நல்ல இணக்கம் வேண்டும்போலும்.

என் பள்ளியில் மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்திவந்தார்கள். அதில் ஒரு வகுப்பு வேறுபாடுடைய அக்காளும் தம்பியும் தொடர்கதை படைத்தார்கள். அக்காள் எழுத்து, தம்பி படம். மூன்றாம் இதழோடு தொடர் நின்றுவிட்டது. விசாரித்தேன். கதையின் தலைப்பின்கீழ் அக்காளின் பெயர் மட்டும் இருந்தது. படத்தின் ஓரத்தில் தம்பி தன் பெயரைப் பொடியெழுத்தில் எழுதியிருந்தான். பத்திரிகையைப் படியெடுத்த மாணவன் அதை அழுக்கென்று எண்ணி அழித்துவிட்டான். வெளிக்கு இவ்வளவுதான். தம்பியோ, "நாலு நாள் உட்கார்ந்து போட்டேன், ஐயா. பார்த்தவங்க எல்லாம் அக்கா கதை நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க" என்றான். அடுத்த இதழில் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதவைத்தோம். ஆண்டு முடியும்வரை தொடர் நடந்தது. அவர்கள் தாயார் ஒருநாள் என்னிடம் வந்து, "படம் போட்டா சோறு வருமா, சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதைக் கேலி செய்பவர்களை நான் மதிப்பதில்லை.

சோற்றைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நாராயண் முதல் நாவலை வெளியிட்ட 1935-க்குப் பிறகும் பல ஆண்டு எழுத்து வருவாய் அவருக்குப் போதவில்லை. கூட்டுக் குடும்பத்தின் கூரை அவரைத் தாங்கியது. லக்ஷ்மணுக்குச் செய்தித்தாளின் மாதச் சம்பளம் இருந்தது. அதன்மேல் நின்றுகொண்டுதான் மற்றவற்றை வரைந்தார். உடன்பிறந்தார் இருவரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கலையில் குதிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒருவர் கையிலாவது முதல் சில ஆண்டுகள் நிலையான வருவாய் இருக்கட்டும். அதை மற்றவர் கடனென்று கணக்கில் எழுதிவைக்கட்டும். விளம்பரப் படம், பாடநூல் படம், சிறுவர் நூல், அசைபடம் என்று வரைபவருக்கு இன்று வேலை வரும் வழிகள் பலவாகிவிட்டன. லக்ஷ்மணே 1954-இல் வண்ணக்குழம்பு நிறுவனம் ஒன்றுக்குக் 'கட்டு' என்ற குறும்புச் சிறுவனை வரைந்து கொடுத்தவர்தாம். அதனால் அவர் கலை இழிந்துவிடவில்லை.

வீட்டில் எழுதுகிற ஒருவரும் வரைகிற ஒருவரும் இருந்தால், இந்த விடுமுறையில் ஒன்று செய்து பாருங்கள். பெரிய திட்டம் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மும்முறை இரண்டிரண்டாக மடியுங்கள். எட்டுப் பகுதிகள் கிடைக்கும். விரித்து, நடுவிலுள்ள நீண்ட மடிப்பில் மையத்து இரண்டு பகுதிகளின் அளவுக்கு மட்டும் கத்தரித்து, மறுபடி மடித்தால் எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஆகிவிடும். ஒரு பக்கம் அட்டை. ஏழு பக்கம் கதை. உங்கள் தெருவில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுபவர் முதலில் ஏழு வரி மட்டும் எழுதட்டும். வரைபவர் அவற்றைப் பென்சிலில் வரைந்த பிறகு, படமே சொல்லிவிட்ட சொற்களை எழுதியவர் தம் கையாலேயே அடிக்கட்டும். வேறு யாரும் அடிக்கக்கூடாது. எல்லாம் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால், ஒளிநகல் கடையில் ஒரு படிக்கு ஒரு முகத்துக்கான காசுதான் ஆகும். இருபது படிகள் எடுத்தால் வகுப்புக்குப் போதும். அட்டையில் யார் பெயர் முதலில் என்ற சண்டை கட்டாயம் வரும். பத்துப் படிகளில் ஒருவர் பெயரை முதலிலும், மற்றப் பத்தில் அடுத்தவர் பெயரை முதலிலும் எழுதிக்கொள்ளுங்கள்.